தொழிற்சாலை எரிபொருளின் மீத்தேன்: இரண்டு நாடுகளை ஒப்பிடுவது எப்படி?

உலக வங்கியின் தரவுத்தளத்தில், தொழில்துறை எரிப்பிலிருந்து வெளியாகும் மீத்தேனுக்கென்று தனியாக ஒரு குறியீடு இருக்கிறது. இரண்டு நாடுகளைத் தேர்ந்தெடுத்தால் 1970 முதலான இரண்டு கோடுகள் திரையில் வந்துவிடும். ஒன்று ஏறும், மற்றொன்று இறங்கும். ஏறுகிற நாட்டைக் கூண்டில் ஏற்றிவிட்டு, இறங்குகிற நாட்டுக்கு மாலை போடுவதுதான் பலரும் அடுத்துச் செய்கிற வேலை. அவசரம் வேண்டாம். இந்தக் கோடுகள் புகைபோக்கிகளில் கருவி பொருத்தி அளந்தவை அல்ல. எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்ற கணக்கை ஒரு காரணியால், அதாவது இத்தனை எரிபொருளுக்கு இத்தனை மீத்தேன் என்ற எண்ணால், பெருக்கி வந்தவை. ஆகவே நீங்கள் ஒப்பிடுவது இரண்டு நாடுகளின் எரிபொருள் பழக்கத்தையும், அதை அவை எழுதிவைக்கும் கணக்குப் புத்தகத்தையும்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பசுங்குடில் வாயுக் கணக்குக்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படுவது, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள். அதில் ‘1ஏ2’ என்ற பிரிவுதான் நமக்கு வேண்டியது: உற்பத்தித் தொழில்களும் கட்டுமானமும். இரும்பு, ரசாயனம், காகிதம், உணவுப் பதப்படுத்தல், சிமெண்ட், செங்கல், ஜவுளி எனத் தொழிற்சாலைகள் சூட்டுக்காகவும் நீராவிக்காகவும் எரிப்பவை எல்லாம் இதில் அடங்கும். கட்டுமான இடங்களில் ஓடும் கனரக இயந்திரங்களின் டீசலும் இதில்தான் வருகிறது.

வெளியே நிற்பவை எவை என்பது இதைவிட முக்கியம். மின் நிலையங்களும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் 1ஏ1-இல் இருக்கின்றன. சாலைப் போக்குவரத்து 1ஏ3, வீடுகளும் கடைகளும் 1ஏ4. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தும் எரிவாயுக் குழாயிலிருந்தும் கசியும் மீத்தேன் 1பி. எரிபொருள் எரியாமல், ரசாயன வினையின் விளைவாக வரும் உமிழ்வுக்கு இரண்டாம் அத்தியாயமே தனியாக உண்டு.

மனிதச் செயல்பாட்டால் வரும் மீத்தேனில் பெரும் பங்கு கால்நடை, நெல் வயல், குப்பைக் கிடங்கு, சுரங்கம், எண்ணெய்–எரிவாயுக் கிணறு ஆகியவற்றிலிருந்து வருகிறது. தொழிற்சாலை எரிப்பு அதில் ஓரத்தில் நிற்கும் சிறு பங்காளி. ‘எந்த நாடு அதிக மீத்தேன் வெளியிடுகிறது?’ என்பது உங்கள் கேள்வியானால் இந்தக் கோப்பை மூடிவிட்டு மொத்தக் கணக்குக்குப் போங்கள். ‘இந்த நாட்டின் தொழிற்சாலைகள் எதை எரிக்கின்றன, அது எப்படி மாறியது?’ என்று கேட்பவர்களுக்கு மட்டுமே இந்தக் குறியீடு பயன்படும்.

எல்லையில் இரண்டு வழுக்குப் பாறைகள் உண்டு. தொழிற்சாலை தன் தேவைக்காகத் தானே மின்சாரம் தயாரித்தால் அதன் உமிழ்வு அந்தத் தொழிலின் கணக்கிலேயே சேர வேண்டும் என்பது ஐ.பி.சி.சி. விதி. எரிசக்திப் புள்ளிவிவரங்களோ அந்த எரிபொருளை மின் உற்பத்தியின் கீழ் எழுதுகின்றன. ஒரு நாடு இதைப் பிரித்துக் காட்டத் தொடங்கும் ஆண்டில், எந்தக் கொதிகலனும் மாறாமலே கோடு எகிறும் அல்லது விழும். இன்னொன்று எஃகு ஆலை. ஊது உலையில் போடும் கோக் (நிலக்கரியைச் சுட்டுத் தயாரிக்கும் எரிபொருள்), தாதுவை இரும்பாக மாற்றும் வினைப்பொருளாகவும் வேலை செய்வதால் அதன் உமிழ்வு இரண்டாம் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். கோக் தயாரிக்கும் அடுப்பு 1ஏ1-இல் இருக்கிறது. எஃகு அதிகம் தயாரிக்கும் நாட்டை ஒப்பிடும்போது இந்தப் பிரிப்பு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைத் தேசிய அறிக்கையின் முறைவிளக்கத்தில் படித்துவிடுவது நல்லது.

காரணிகள்: ஒப்பீட்டின் உயிர்நாடி

சொந்த அளவீடு இல்லாத நாடுகள் பயன்படுத்த ஐ.பி.சி.சி. தரும் பொது எண்களான இயல்புநிலைக் காரணிகளைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டெராஜூல் வெப்பம் தரும் அளவு எரிபொருளைத் தொழிற்சாலையில் எரித்தால் வெளியாகும் மீத்தேன், கிலோகிராமில்:

- இயற்கை எரிவாயு: 1
- எரி எண்ணெய், டீசல்: 3
- நிலக்கரி: 10
- விறகு, மரக்கழிவு, கரும்புச் சக்கை போன்ற திடத் தாவர எரிபொருள்கள்: 30
- மரக்கரி: 200

மரக்கூழ் ஆலைகளில் மிஞ்சும் கருநிறத் திரவமும் தாவர எரிபொருள்தான். ஆனால் அதற்குக் காரணி 3 மட்டுமே. அதனால் ஸ்வீடன், பின்லாந்து போன்ற காகித நாடுகளை எடுக்கும்போது ‘தாவர எரிபொருள்’ என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது முழுமையற்ற எரிதல். ஈரமான சக்கை, சீரற்ற காற்றோட்டம், குறைந்த வெப்பநிலை ஆகியவை சேரும்போது எரிபொருளின் ஒரு பகுதி கடைசி வரை எரியாமல் மீத்தேனாகத் தப்பிக்கிறது. பெரிய கொதிகலனின் சூட்டில் அது நடப்பது குறைவு. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேனே என்றாலும், நல்ல சுடர்முனையில் ஏறக்குறைய முழுதும் எரிந்துவிடுவதால் அதன் காரணி எல்லாவற்றிலும் சிறியது.

அதே எரிவாயுவை எஞ்சினில் எரித்தால் கதை தலைகீழ். மெலிந்த (காற்று மிகுந்த) கலவையில் ஓடும் நான்கு வீச்சு எரிவாயு எஞ்சினுக்கு ஐ.பி.சி.சி. அட்டவணை தரும் காரணி 597. கொதிகலனில் 1, எஞ்சினில் 597! ஒரு நாடு எரிவாயு முழுவதையும் 1 என்ற எண்ணால் பெருக்கியிருக்க, மற்றொரு நாடு எஞ்சின்களைத் தனியாகப் பிரித்துக் கணக்கிட்டிருந்தால், நேர்மையாகக் கணக்கெழுதிய நாடுதான் வரைபடத்தில் மோசமாகத் தெரியும். தேசிய அறிக்கைகளில் ‘முதல் நிலை’, ‘இரண்டாம் நிலை’, ‘மூன்றாம் நிலை’ என்று குறிக்கப்படுவது இந்த நுணுக்கத்தைத்தான். முதல் நிலை என்றால் மேலே உள்ள இயல்புநிலை எண்கள். மேலே போகப்போக அந்த நாட்டின் சொந்த அளவீடுகளும் இயந்திர வகைகளும் கணக்கில் வரும்.

வகைப்பாட்டின் பலத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். நிலக்கரிக்குத் தொழிற்சாலையில் 10, மின் நிலையத்தில் 1, வீட்டு அடுப்பில் 300. ஒரு சிறு பட்டறையின் நிலக்கரி ‘வீடு’ என்ற தலைப்பில் எழுதப்பட்டால் அதன் மீத்தேன் காகிதத்தில் முப்பது மடங்காகிவிடுகிறது, தொழில்துறைக் கோட்டிலிருந்தும் மறைந்துவிடுகிறது. சிறுதொழில்கள் நிறைந்த நாடுகளில் இது அற்ப விஷயம் அல்ல.

தரவை எடுங்கள், இரு நாடுகளுக்கும் ஒரே இடத்திலிருந்து

ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் பராமரிக்கும் எட்கர் தரவுத்தளம் 1970 முதல் உலக நாடுகள் அனைத்தையும் ஏறத்தாழ ஒரே முறையில் கணக்கிடுகிறது. உலக வங்கி காட்டும் கோடுகளுக்கும் ஊற்று அதுதான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இதுவே. தேசிய அறிக்கைகள் நுணுக்கமானவை, ஆனால் ஒவ்வொன்றும் தனிப் பாணி. வளர்ந்த நாடுகள் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின்படி 1990 முதலான கணக்கை ஆண்டுதோறும் தருகின்றன. மற்ற நாடுகள் நீண்ட காலம் விட்டுவிட்டே தந்தன. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஈராண்டு வெளிப்படை அறிக்கைக்கு முதல் கெடு 2024 டிசம்பர் 31 தான். ஒரு நாட்டுக்கு எட்கர், மற்றதற்குத் தேசிய அறிக்கை என்று எடுத்தால் நாடுகளின் வேறுபாடும் முறைகளின் வேறுபாடும் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. எட்கரில் ஒப்பிட்டுவிட்டு, விடை பொருந்துகிறதா என்று தேசிய அறிக்கையில் சரிபாருங்கள்.

எட்கரின் ஒவ்வொரு பதிப்பும் பழைய ஆண்டுகளையும் சேர்த்தே மாற்றிக் கணக்கிடுகிறது. சென்ற ஆண்டு இறக்கிய கோப்போடு இந்த ஆண்டின் கடைசி வரிசையை ஒட்டிக்கொள்வது கூடாது. முழுத் தொடரையும் புதிதாக இறக்குங்கள், பதிப்பின் பெயரையும் இறக்கிய தேதியையும் எக்செல் கோப்பின் முதல் தாளிலேயே எழுதுங்கள்.

அலகைச் சரிசெய்யுங்கள்

எட்கர் கோப்புகளில் மீத்தேன் கிகாகிராமில் இருக்கும். ஒரு கிகாகிராம் என்பது ஆயிரம் டன். உலக வங்கியோ மில்லியன் டன் கார்பன் டை ஆக்சைடு சமானத்தில், அதாவது அதே அளவு புவியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடின் எடையில், தருகிறது. அதற்கு மீத்தேனை ஐ.பி.சி.சி. ஐந்தாம் அறிக்கையின் நூறாண்டு மதிப்பான 28-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். இந்தப் பெருக்கெண் காலத்தோடு மாறி வந்திருக்கிறது: இரண்டாம் அறிக்கையில் 21, நான்காவதில் 25, ஐந்தாவதில் 28, ஆறாவதில் புதைபடிவ மீத்தேனுக்கு 29.8, மற்றவற்றுக்கு 27. பழைய தேசிய அறிக்கை 21-ஆலும் புதியது 28-ஆலும் பெருக்கியிருந்தால், ஒரு டன்கூடக் கூடாமலே உமிழ்வு மூன்றில் ஒரு பங்கு கூடியதாகத் தெரியும்.

வழி எளிது. சமான மதிப்பை அந்தந்தப் பெருக்கெண்ணால் வகுத்து மீத்தேன் டன்னுக்கே திரும்பிவிடுங்கள். ஒப்பீட்டை டன்னில் செய்யுங்கள். சிறிய நாடுகளின் எண்கள் மில்லியன் டன்னில் 0.003 போல வரும் என்பதால் தசம இடங்களை வெட்டிவிடாதீர்கள். இரண்டு இடங்களுக்கு முழுமைப்படுத்தினால் முழு நாடும் பூஜ்யமாகிவிடும்.

எரிபொருள் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள்

பலர் தாண்டிப் போகிற படி இது. எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால், எரிபொருள் அட்டவணை இல்லாத மீத்தேன் வரைபடத்தை வெளியிடவே விடமாட்டேன். ஐ.நா. புள்ளியியல் பிரிவும் சர்வதேச எரிசக்தி முகமையும் நாடுவாரியான எரிசக்தி இருப்புநிலை அட்டவணைகளை வெளியிடுகின்றன. அதில் ‘தொழில்துறை’ வரிசையில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, தாவர எரிபொருள் ஆகிய நான்கு பத்திகளை எடுங்கள். மின்சாரப் பத்தியை விட்டுவிடுங்கள், அது ஆலைக்குள் எரிவதில்லை. மொத்த வெப்ப மதிப்பா (எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்தது) நிகர வெப்ப மதிப்பா (அதைச் சேர்க்காதது) என்று பாருங்கள். ஐ.பி.சி.சி. காரணிகள் நிகர மதிப்புக்கானவை. எரிவாயுவில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 10 விழுக்காடு, நிலக்கரியிலும் எண்ணெயிலும் சுமார் 5.

இப்போது ஒவ்வோர் ஆண்டுக்கும் மீத்தேன் டன்னை மொத்த எரிபொருளால் வகுங்கள். ஒரு டெராஜூலுக்கு இத்தனை கிலோ என்று ஓர் எண் வரும். இதைச் செறிவு என்று அழைப்போம். தலா உமிழ்வு, உற்பத்தி மதிப்புக்கான உமிழ்வு என்று மற்ற அளவுகோல்களும் உண்டு. ஆனால் தலைக்கணக்கு ஒரு நாட்டில் எவ்வளவு தொழில் இருக்கிறது என்பதையே பெரும்பாலும் சொல்கிறது. ஆலைகள் எதை எரிக்கின்றன என்று சொல்வது செறிவு ஒன்றுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ‘அ’, ‘ஆ’ என்று இரு நாடுகள். தொடக்க ஆண்டில் ‘அ’ நாட்டின் தொழிற்சாலைகள் 500 பெட்டாஜூல் எரிக்கின்றன, செறிவு 8. ஒரு பெட்டாஜூல் என்பது ஆயிரம் டெராஜூல் என்பதால் உமிழ்வு 4,000 டன். முடிவு ஆண்டில் எரிபொருள் 600, செறிவு 5, உமிழ்வு 3,000 டன். ‘ஆ’ நாட்டில் தொடக்கத்தில் 300 பெட்டாஜூல், முழுவதும் நிலக்கரி, செறிவு 10, உமிழ்வு 3,000 டன். முடிவில் 400 பெட்டாஜூல், செறிவு 15, உமிழ்வு 6,000 டன்.

வரைபடத்தில் ‘அ’ கால் பங்கு குறைத்த நல்ல பிள்ளை. ‘ஆ’ இரட்டிப்பாக்கிய போக்கிரி. மாற்றத்தைப் பிரித்துப் பாருங்கள். ‘அ’ நாட்டில் எரிபொருள் 1.2 மடங்கு, செறிவு 0.625 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 0.75. தொழில் வளர்ந்தும் உமிழ்வு குறைந்ததற்கு நிலக்கரியின் இடத்தை எரிவாயு பிடித்தது காரணம். ‘ஆ’ நாட்டில் எரிபொருள் 1.33 மடங்கு, செறிவு 1.5 மடங்கு, பெருக்கினால் 2.

‘ஆ’ நாட்டின் எரிபொருள் அட்டவணையைத் திறந்தால் 300 பெட்டாஜூல் நிலக்கரி அப்படியே இருக்கிறது, கூடுதலாக வந்த 100 பெட்டாஜூல் கரும்புச் சக்கை. 300-ஐ 10-ஆல் பெருக்கினால் 3,000 டன், 100-ஐ 30-ஆல் பெருக்கினால் இன்னொரு 3,000 டன். அதே 100 பெட்டாஜூலை நிலக்கரியில் எரித்திருந்தால் மீத்தேன் 1,000 டன் மட்டுமே கூடியிருக்கும். ஆக, சக்கையைத் தேர்ந்ததால் மிகையான மீத்தேன் 2,000 டன், சமானத்தில் 56,000 டன். மறுபுறம், எரிக்காமல் விட்ட நிலக்கரியின் கார்பன் டை ஆக்சைடு சுமார் 94.6 லட்சம் டன். நிலக்கரிக்கு டெராஜூலுக்கு 94.6 டன் என்பதே இயல்புநிலைக் காரணி. போக்கிரியின் குற்றப்பத்திரிகை இப்போது எப்படி இருக்கிறது, பாருங்கள்.

இதில் ஒரு கணக்கு விதி ஒளிந்திருக்கிறது. தாவர எரிபொருளின் கார்பன் டை ஆக்சைடு எரிசக்திப் பிரிவின் மொத்தத்தில் சேர்வதில்லை, தனிக் குறிப்பு ஒன்றாக மட்டும் பதிவாகிறது. காடோ பயிரோ அழிந்தால் அது நிலப் பயன்பாட்டுக் கணக்கில் வரும். ஆனால் அதே விறகின் மீத்தேன் எரிசக்திக் கணக்கில் முழுமையாகச் சேர்கிறது. அதனால்தான் மீத்தேனை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் தாவர எரிபொருளுக்கு மாறிய நாடு பெரும்பாலும் கெட்டபெயர் வாங்குகிறது.

பிரேசிலையும் தென்னாப்பிரிக்காவையும் ஒப்பிட முயல்பவர்களுக்கு இது கண்ணெதிரே வரும். பிரேசிலின் சர்க்கரை, எத்தனால் ஆலைகள் சக்கையை எரித்து இயங்குகின்றன. 1975-இல் தொடங்கிய எத்தனால் திட்டத்துக்குப் பின் அந்தத் தொழில் பெரிதாக வளர்ந்தது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் மரக்கரி கொண்டு வார்ப்பிரும்பு காய்ச்சும் உலைகளும் உண்டு. தென்னாப்பிரிக்கத் தொழில் நிலக்கரியில் நிற்கிறது. செறிவைக் கணக்கிடாமல் இவ்விரு கோடுகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

காலக்கோட்டை வாசிப்பது

இரு தொடர்களையும் ஓர் அடிப்படை ஆண்டை 100 என்று வைத்துக் குறியீட்டெண்ணாக மாற்றினால், பெரிய நாடும் சிறிய நாடும் ஒரே அளவில் வரும். அடிப்படை ஆண்டைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். 1990 எல்லோருக்கும் பழக்கமானது, ஆனால் கிழக்கு ஐரோப்பாவுக்கும் முன்னாள் சோவியத் நாடுகளுக்கும் அது தொழில் சரிவுக்கு முந்தைய உச்சம். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின் ஆலைகள் மூடப்பட்டதால் விழுந்த கோட்டைச் சுற்றுச்சூழல் சாதனையாக எழுதிவிடக் கூடாது. 1990-க்கு முந்தைய அந்த நாடுகளின் எண்களும் பின்னாளில் வகுத்துப் பிரித்தவை. ஒற்றை ஆண்டுக்குப் பதில் மூன்றாண்டுச் சராசரியை அடிப்படையாக வைப்பது பாதுகாப்பானது. 2009-இன் பொருளாதார மந்தமும் 2020-இன் பெருந்தொற்றும் முடிவு ஆண்டாக வந்தால் எந்த நாடும் உத்தமராகத் தெரியும்.

கோடு வளையும் இடங்களில் காரணம் தேடுங்கள். பிரிட்டனில் 1967 முதல் 1977 வரை வட கடல் எரிவாயுவுக்கு நாடு முழுதும் மாறியது. சீனாவில் 2001-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு வந்த தொழில் வளர்ச்சி, 2013-இல் வெளியான காற்று மாசுத் தடுப்புச் செயல்திட்டத்தின் கீழ் சிறு நிலக்கரிக் கொதிகலன்கள் அகற்றப்பட்டது ஆகியவை இப்படித் தேடிப் பிடிக்க வேண்டிய நிகழ்வுகள். காரணம் எதுவும் அகப்படாமல் ஒரே ஆண்டில் கோடு செங்குத்தாக எழுந்தால் கணக்கெடுப்பு முறை மாறியிருக்கும் என்று சந்தேகியுங்கள். தாவர எரிபொருளில் இது சாதாரணம். விறகுக்கு ரசீது கிடையாது, பல நாடுகளில் ஏதோவொரு கணக்கெடுப்பின் எண்ணை ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கொண்டே போவார்கள். அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேராகப் போகும் கோடும் அதே காரணத்தால் சந்தேகத்துக்குரியது.

எவ்வளவு நம்பலாம்?

நிலக்கரியின் காரணி 10 என்றாலும் ஐ.பி.சி.சி. தரும் வரம்பு 3 முதல் 30 வரை. மரத்துக்கு 30, வரம்பு 10 முதல் 100. இவ்வளவு அகலமான வரம்பில், ஒரு நாடு மற்றதைவிட 20 விழுக்காடு அதிகம் என்ற கூற்றுக்கு எடை இல்லை. எரிபொருள் கலவை வேறுபட்டால் இரு மடங்கு வேறுபாட்டைக்கூட நான் தயங்கியே எழுதுவேன். ஆனால் போக்கு வேறு. ஒரே காரணி எல்லா ஆண்டுகளுக்கும் பயன்படுவதால் அது தவறாக இருந்தாலும் முதல் ஆண்டிலும் கடைசி ஆண்டிலும் ஒரே விகிதத்தில் தவறாக இருக்கும், எரிபொருள் கலவை பெரிதாக மாறாதவரை. ஆகவே மட்டத்தைவிடப் போக்கை அதிகம் நம்பலாம்.

செயற்கைக்கோளைக் கொண்டு சரிபார்க்கலாமே என்று தோன்றும். 2017-இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி போன்றவை சுரங்கம், எரிவாயுக் கசிவு, குப்பைக் கிடங்கு ஆகியவற்றின் பெரிய மீத்தேன் மேகங்களைக் காண்கின்றன. ஆயிரக்கணக்கான கொதிகலன்களில் சிதறிக் கிடக்கும் இந்தச் சிறு உமிழ்வு அவற்றின் கண்ணுக்குச் சிக்காது. தரையில் அளந்தால் வியப்புகள் வரக்கூடும். அமெரிக்காவில் உரத் தொழிற்சாலைகளைச் சுற்றிக் கார் ஓட்டி அளந்து 2019-இல் வெளியான ஆய்வு, அந்தத் துறை தானே அறிவித்ததைவிட நூறு மடங்குக்கும் மேல் மீத்தேன் இருப்பதாக மதிப்பிட்டது. எரியாமல் தப்பும் வாயு எல்லா அட்டவணைகளிலும் முழுதாக ஏறுவதில்லை.

எழுதும்போது

முடிவை ஒரு பத்தியில் அடக்குங்கள். அதில் தரவுத்தளத்தின் பெயரும் பதிப்பும், பயன்படுத்திய பெருக்கெண், கால எல்லை, மட்டம், போக்கு, செறிவு, எரிபொருள் காரணம் ஆகியவை இருக்கட்டும். நம் கற்பனை நாடுகளுக்கு அது இப்படி அமையும்: “‘ஆ’ நாட்டின் தொழில்துறை எரிப்பு மீத்தேன் 3,000 டன்னிலிருந்து 6,000 டன்னாக உயர்ந்தது. இந்த உயர்வு முழுவதும் கரும்புச் சக்கையிலிருந்து வந்தது, நிலக்கரிப் பயன்பாடு மாறவில்லை. ‘அ’ நாட்டில் எரிவாயுவுக்கு மாறியதால் செறிவு 8-லிருந்து 5-ஆகக் குறைந்தது. இரு நாடுகளுக்கும் இயல்புநிலைக் காரணிகளே பயன்பட்டதால், முடிவு ஆண்டின் இரு மடங்கு இடைவெளியைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.” வரைபடத்தை இரண்டாகப் போடுங்கள்: மேலே மீத்தேன் டன், கீழே அதே ஆண்டுகளுக்கான எரிபொருள் கலவை. கடைசி ஓரிரு ஆண்டுகள் பெரும்பாலும் தற்காலிக மதிப்பீடுகள் என்பதால் அந்தப் பகுதியைப் புள்ளிக்கோட்டில் வரையுங்கள்.